பேர்லினில் எங்கள் துடுப்பாட்டக் கழகம்

(சனிக்கிழமை மாலை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் நமது அறிவிப்பாளர் தம்பி தொலைபேசி எடுத்து, "அண்ணை, உங்கட கழகத்தின்ர கதையைப் பதினைஞ்சு நிமிசம் சொல்ல ஏலுமோ?" என்று கேட்டார். நான் அந்தக் கழகத்தின் தலைவருமல்ல, நல்ல துடுப்பாட்டக்காரனுமல்ல. முப்பது வருடத்துக்கு மேலாகப் பொருளாளர். என்னிடம் இருப்பது ஒரு கணக்குப் புத்தகம். அதன் முதற்பக்கத்தில் 1991ஆம் ஆண்டு சித்திரை மாதத் தேதியில் ஒரே ஒரு வரி இருக்கிறது: தும்புப்பாய் ஒன்று, பழையது, 400 மார்க். அந்தப் பாய்க்கு முன் நடந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை விளங்கும்.

நான் 1984ஆம் ஆண்டு ஐப்பசியில் இங்கே வந்து சேர்ந்தேன். அந்த நாளில் வந்தவர்களுக்குப் பாதை தெரியும். கொழும்பில் ஏறி, மொஸ்கோவில் குளிரில் காத்திருந்து, கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிரீட்றிஷ்ஸ்ராஸ நிலையத்தில் றெயில் மாறினால் மேற்கு. 1985 ஆடி மாதத்தில் கிழக்கு ஜேர்மன் அரசு அந்த வழியை எங்கள் ஆட்களுக்கு மூடியது. அதற்குள் வந்துவிட்டவர்களில் நானும் ஒருவன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பெட்டிக்குள் இரண்டு சேட்டு, அம்மா கட்டித் தந்த மிளகாய்த்தூள், சான்றிதழ்கள். மட்டை கொண்டுவர யாருக்கு யோசனை வரும்?

ஆனால் விளையாட்டு எங்களோடு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் பங்குனி மாதம் வந்தால் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் நடக்கும் வடக்கின் பெரும் போரைப் பார்க்க மதிலேறி இருந்த பெடியள் நாங்கள். 1904இல் தொடங்கிய போட்டி அது. வீட்டு வளவில் தென்னம் மட்டையைச் செதுக்கித்தான் துடுப்பாட்டம். இங்கே அகதி முகாமின் பின்முற்றத்தில் ஒருவர் கட்டிலின் உடைந்த பலகையை எடுத்துச் செதுக்கத் தொடங்கியபோது, என்ன செய்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இனி ஒரு விடயம். நாங்கள்தான் இந்த ஊருக்குக் கிரிக்கெட்டைக் கொண்டுவந்தோம் என்று நெடுநாள் நினைத்துக் கொண்டிருந்தேன். எங்களில் பலர் இன்றும் அப்படித்தான் சொல்லுகிறார்கள். பிழை. பேர்லினில் 1889இல் தொடங்கிய விக்டோரியா என்ற கழகத்தின் முழுப்பெயரில் உதைபந்தாட்டத்துக்கு முன்னால் 'தோர்பால்' என்றொரு சொல் இருக்கும். கிரிக்கெட்டுக்கு அந்தக் கால ஜேர்மனியர் வைத்த சொந்தப் பெயர் அதுதான். அந்த விக்டோரியா 1908இலும் 1911இலும் ஜேர்மனியின் உதைபந்தாட்டச் சம்பியன். 1905இல் சம்பியனான பேர்லின் யூனியன் 92 கழகத்தின் பெயரிலும் அதே தோர்பால் உண்டு. 1891இல் இங்கே தொடங்கிய ஒரு சங்கத்துக்குப் பெயரே ஜேர்மன் உதைபந்தாட்ட, கிரிக்கெட் சங்கம். அந்தக் கழகங்கள் பல விளையாடிப் பழகிய இடம் தெம்பெல்ஹோவ் வெளி. அப்போது அது இராணுவ அணிவகுப்பு மைதானம், பின்பு விமான நிலையம். 2008இல் விமான நிலையத்தை மூடி, 2010இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், திரும்ப அங்கே வருவோம்.

இன்னுமொரு கதையும் உண்டு. 1937 ஆவணியில், ஹிட்லர் காலத்தில், வூஸ்ரர்ஷயரிலிருந்து ஒரு கனவான்கள் அணி பேர்லின் வந்து மூன்று போட்டி விளையாடியது. மூன்றிலும் ஆங்கிலேயருக்கே வெற்றி. பேர்லின் பக்கத்தில் இந்த விளையாட்டை உயிரோடு வைத்திருந்தவர் பெலிக்ஸ் மென்சல் என்பவர். போர் முடிந்து நகரமே கல்லும் புழுதியுமாய்க் கிடந்த 1945இல், அந்த மனிதர் பிரித்தானியப் படையினரிடம் போய், 'எங்களோடு ஒரு ஆட்டம் விளையாட வருவீர்களா' என்று கேட்டதாகச் சொல்கிறார்கள். சாப்பாட்டுக்கே வழியில்லாத நேரத்தில் ஒரு மனிதன் ஆட்டம் கேட்டிருக்கிறான். இதை முதன்முதல் வாசித்தபோது எனக்கு எங்கள் முகாமின் கட்டில் பலகை ஞாபகம் வந்தது.

சரி, என் கதைக்கு வருகிறேன். 1988 கோடை. நான் பாத்திரம் கழுவிய உணவகத்தில் வேலை செய்த ஒரு பாகிஸ்தான் நண்பர், "ஞாயிற்றுக்கிழமை என்னோடு வா" என்று சொல்லி ஒலிம்பிக் மைதானத்துக்குப் பக்கத்திலிருக்கும் மைபெல்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். 1936 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய பெரிய புல்வெளி அது. போருக்குப் பின் பிரித்தானியப் படையின் கையில் இருந்தது. நண்பருக்கு அங்கே ஒரு சார்ஜனைத் தெரியும். ஓரமாய் நின்று பார்ப்பதற்குத்தான் போனோம். போன இடத்தில் ஒரு அணிக்கு ஒரு ஆள் குறைவு. சார்ஜன் என்னைப் பார்த்து, "நீ களத்தடுப்புச் செய்வாயா?" என்று கேட்டார்.

தேவாலயத்தில் தந்த பழைய தோல் சப்பாத்து என் காலில். ஒரு அளவு பெரிது. எல்லைக்கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நாலு வருடமாக நான் தோல்பந்தைத் தொட்டதில்லை. ஒன்றரை மணித்தியாலம் பந்து என் பக்கம் வரவே இல்லை. பிறகு வந்தது, வானத்தில் வந்தது. பிடித்துவிட்டேன். கை எரிந்தது. அன்றைக்கு முழுக்க என் பெயரை ஒருவராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை, ஆனாலும் பதினொரு பேரும் ஓடிவந்து முதுகில் தட்டினார்கள். இந்த நாட்டில் விண்ணப்ப இலக்கத்தால் அல்லாமல் வேறெதற்காகவேனும் என்னைக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

மதில் விழுந்த பிறகு நாங்கள் கழகமாய்ப் பதிய நினைத்தோம். பதியாவிட்டால் மாநகரசபை மைதானம் தராது. ஜேர்மன் சட்டப்படி ஒரு சங்கம் பதிய ஏழு உறுப்பினர் வேண்டும். பதினைந்து பெடியள் விளையாட வருவார்கள், கையெழுத்து என்றதும் ஆறு பேர்தான். மற்றவர்களுக்குப் பயம். நீதிமன்றம் என்ற சொல்லைக் கேட்டாலே வழக்கு மறுக்கப்பட்ட கடிதம்தான் ஞாபகத்துக்கு வரும். ஏழாவது கையெழுத்தைப் போட்டவர் அந்த உதைபந்தாட்ட மைதானத்தின் பராமரிப்பாளர், ஒரு கிழட்டு ஜேர்மன்காரர். கிரிக்கெட் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. "வலைக்கம்பத்தில் ஏறமாட்டீர்கள்தானே?" என்று மட்டும் கேட்டார். சாகும்வரை உறுப்பினர் சந்தா கட்டினார். ஒரு போட்டியைக்கூட முழுதாய்ப் பார்த்ததில்லை.

நேயர்களே, உதைபந்தாட்ட மைதானத்தில் கிரிக்கெட் விளையாடுவது எப்படி என்று சொல்லவேண்டும். நடுவில் தும்புப்பாயை விரித்து நாலு பக்கமும் ஆணி அடித்து இறுக்க வேண்டும். ஆட்டம் முடிய ஒவ்வொரு ஆணியையும் எண்ணிப் பிடுங்க வேண்டும், ஒன்று தவறினால் மறுநாள் உதைபந்தாடும் பிள்ளையின் கால் போய்விடும். இருபத்திநாலு ஆணி. இன்றைக்கும் நித்திரையில் எண்ணுவேன். பாய்க்கு வெளியே புல் கணுக்கால் உயரம். தரையோடு அடித்த பந்து பத்து யார் போய்ப் படுத்துவிடும். ஆகவே நாலு ஓட்டம் வேண்டுமென்றால் தூக்கித்தான் அடிக்க வேண்டும். எங்கள் கழகத்து ஆட்கள் எல்லோரும் தூக்கி அடிப்பவர்கள் என்று மற்றக் கழகங்கள் பகிடி பண்ணும். புல்லை வெட்டித் தந்திருந்தால் நாங்களும் அழகாய் அடித்திருப்போம்!

மைதானத்தின் மேற்குப் பக்கம் வேலிக்கு அப்பால் சிறுதோட்டங்கள். ஜேர்மன் முதியவர்கள் தக்காளியும் ரோசாவும் வளர்க்கும் தோட்டங்கள். அங்கே பந்து விழுந்தால் ஆறு ஓட்டம், ஆனால் பந்து போனது போனதுதான். ஒரு அம்மா இருந்தார், வேலிக்குக் கிட்டப் போனாலே யன்னலைச் சாத்துவார். அந்த வருடம் பந்துச் செலவு மட்டும் 260 மார்க் என்று கணக்கில் இருக்கிறது. நத்தாருக்கு முதல் வாரம் பராமரிப்பாளர் ஒரு கூடையைக் கொண்டுவந்து தந்தார். அந்த அம்மா கொடுத்துவிட்டதாம். உள்ளே பத்தொன்பது பந்து, எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, மேலே ஒரு சீலை போட்டு, கூடவே ஒரு போத்தல் தக்காளிச் சாறும். அடுத்த வருடம் எங்கள் ஆள் ஒருவர் அவருக்கு வடை கொண்டுபோய்க் கொடுத்தார். அதன்பின் பந்து அன்றன்றைக்கே வேலிக்கு மேலால் திரும்பி வந்தது.

இப்படிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டு போகலாம். ஆனால் 1992 அப்படியான வருடமில்லை. ஆவணியில் றொஸ்டொக்கில், வியட்நாம் ஆட்கள் இருந்த கட்டடத்துக்கு நெருப்பு வைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். சுற்றி நின்ற சனம் கைதட்டியதையும் பார்த்தோம். அந்த நேரம் மொட்டை அடித்த கூட்டத்தின் கையில் இருந்தது பேஸ்போல் மட்டை. எங்கள் கையிலும் மட்டை. ஒருநாள் விடிய ஆறு மணிக்கு நாங்கள் ஏழு பேர் மைதானத்துக்கு நடந்து போகையில் யாரோ தொலைபேசி எடுத்துவிட்டார்கள். பொலிஸ் வண்டி இரண்டு வந்தது. மதிலோடு கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம். குருநகர் அண்ணைக்கு அப்போது வழக்கு நடந்துகொண்டிருந்தது, அவர் நடுங்கிய நடுக்கத்தை இன்றைக்கும் மறக்க மாட்டேன். ஒரு இளம் பொலிஸ்காரர் மட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் எந்தப் பக்கத்தால் அடிப்பது?" என்று கேட்டார். நான் தட்டையான பக்கத்தைக் காட்டினேன். "அப்படியென்றால் பேஸ்போல் இல்லை" என்று தன் கூட்டாளிக்குச் சொன்னார். விட்டுவிட்டார்கள். அன்றைக்கு ஒருவரும் விளையாடவில்லை. அதிலிருந்து மட்டைகளைப் பாய்க்குள் சுற்றித்தான் கொண்டுபோவோம்.

அதே காலத்தில்தான் எங்களின் மிகச் சிறந்த பந்துவீச்சாளரை இழந்தோம். சாவகச்சேரித் தம்பி. மெலிந்த உடம்பு, இடது கை, தும்புப்பாயில் பந்தை அப்படித் திருப்புவார். தஞ்சம் கோரியவர்கள் தங்கள் மாவட்டத்தைத் தாண்ட அனுமதி எடுக்கவேண்டும் என்ற சட்டம் உங்களில் பலருக்குத் தெரியும். மேற்கில் ஒரு நகரத்துக்குப் போட்டிக்குப் போக அவர் விண்ணப்பித்தார். விளையாட்டு அவசியமான காரணமல்ல என்று ஓர் அலுவலகம் மறுத்துவிட்டது. நாங்கள் பகிடியாக, "வாடா, யார் பார்க்கப் போகினம்" என்று றெயிலில் ஏற்றிவிட்டோம். ஐந்து விக்கட் எடுத்தார். திரும்பி வரும்போது றெயிலில் பரிசோதனை. அபராதம் வந்தது, கழகப் பணத்தில் கட்டினோம், அந்த வரியும் என் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அடுத்த முறை பிடிபட்டால் வழக்குக்கே கூடாது என்று யாரோ சொல்ல, தம்பி மைதானத்துக்கு வருவதை நிறுத்தினார். பிறகு கனடா போய்விட்டார். அவரை றெயிலில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன்.

1994இல் பிரித்தானியப் படை பேர்லினை விட்டுப் போனது. அதன் பின்பும் பல வருடம் நகரத்துக் கழகங்கள் மைபெல்ட்டில் விளையாடின.

1996 பங்குனி 17, ஞாயிற்றுக்கிழமை. லாகூரில் உலகக்கிண்ண இறுதியாட்டம், இலங்கையும் அவுஸ்திரேலியாவும். என்னுடைய குசினியில் சிற்றலை வானொலியைச் சுற்றிப் பதினான்கு பேர். நேயர்களே, அது வெறும் ஆட்டமாக இருக்கவில்லை. அதற்கு முந்தைய ஐப்பசிக் கடைசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. என் அம்மா தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் இருந்தார். கடிதம் வந்து இரண்டு மாதம். குசினிக்குள் இரண்டு கட்சி. ஒரு கட்சி, இவங்கள் வென்றால் எங்களுக்கென்ன என்று கேட்டது. மறு கட்சி, முரளிதரனைப் பார் என்றது. மூன்று மாதத்துக்கு முன்புதான் மெல்பேணில் அவரின் பந்துவீச்சைப் பிழை என்று நடுவர் திரும்பத் திரும்பச் சைகை காட்டியிருந்தார், அந்தக் கோபம் எல்லோருக்கும் இருந்தது. முரளி பந்துவீசும்போது இரண்டு கட்சியும் ஒன்று. அரவிந்த டி சில்வா 107 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் நின்று முடித்தபோது ஒருவர் எழும்பிக் கைதட்டினார், ஒருவர் வெளியே போய்ச் சிகரட் பற்றவைத்தார். யார் சரி என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். நான் தேத்தண்ணீர் போட்டேன்.

ஜேர்மன் தேசிய அணியின் கதையும் கொஞ்சம். 1997இல் சுவிற்சர்லாந்தின் சுவோஸ் என்ற மலையூரில் ஐரோப்பிய நாடுகளின் கிண்ண இறுதியாட்டம், ஜேர்மனியும் பிரான்சும். பிரான்சின் கடைசித் துடுப்பாட்டக்காரர் டேவிட் போர்ட் என்பவரின் நெற்றியில் பந்து பட்டது. அவர் தள்ளாடி ஒரு ஓட்டம் ஓடி முடித்துத்தான் விழுந்தார், மண்டையோட்டில் வெடிப்பு. ஜேர்மனி தோற்றது அந்த ஒரே ஒரு ஓட்டத்தால்! அடுத்தது சென்னைக்காரர்களுக்கு. 1952 மாசியில் சேப்பாக்கத்தில் இந்தியா தன் முதலாவது டெஸ்ட் வெற்றியைப் பெற்றதே, அன்றைக்குத் தோற்ற இங்கிலாந்து அணியின் தலைவர் டொனால்ட் கார் பிறந்தது இங்கே வீஸ்பாடனில்.

இனி கழகத்தின் கெட்டகாலம். பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஜேர்மனியில் வளர்ந்த பிள்ளை உதைபந்தைத்தான் உதைக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் மகனே மட்டையைத் தோளில் வைத்து, "அப்பா, ஐந்து மணித்தியாலம் நின்றால் எப்போது விளையாடுவது?" என்று கேட்டான். முழங்கால் நோ, இரவு வேலை, கோயில் திருவிழா, கனடாவுக்கும் இலண்டனுக்கும் போனவர்கள். 2014இல் பதினொரு பேர் கடதாசியில் இருந்தார்கள், ஐந்து பேர் மைதானத்தில் இருந்தார்கள்.

2015 பங்குனியில் கழகத்தைக் கலைப்பதற்குப் பொதுக்கூட்டம் கூட்டினோம். வந்தவர்கள் ஒன்பது பேர். கலைக்க நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். ஆறு கை கலைக்கச் சொல்லி எழும்பியது. அதில் ஒன்று என்னுடையது. மறைக்க விரும்பவில்லை. கணக்குப் பார்த்தவனுக்குத் தெரியும், பணப்பெட்டியில் 83 யூரோவும் ஓட்டைப் பாயும்தான். மூன்று பேர் கை தூக்கவில்லை. குருநகர் அண்ணை அதில் ஒருவர். ஒன்பதில் ஆறு போதாது, ஏழு வேண்டும். ஒரு கையால் கழகம் தப்பியது. எனக்கு அன்றைக்கு மகிழ்ச்சியில்லை, அலுப்புத்தான். இன்னும் ஒரு வருடம் வரி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதவேண்டுமே என்ற அலுப்பு.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் தெம்பெல்ஹோவ் பழைய விமானக் கொட்டகைகளில் அகதிகளை இருத்தினார்கள். சிரியா, ஈராக், ஆப்கானிஸ்தான். என் மனைவி குளிர் உடுப்புக் கொடுக்கப் போனவர் திரும்பி வந்து, "அங்க பெடியள் கிரிக்கெட் விளையாடுறாங்கள், போய்ப் பாருங்கோ" என்றார். போனேன். கார்த்திகைக் குளிர். ரெனிஸ் பந்தில் கறுப்பு ஒட்டுநாடா சுற்றியிருந்தது. விக்கட்டுக்குப் பதில் ஒரு பால்பெட்டி. மட்டை, நம்புங்கள், கட்டில் பலகை. ஒருவன் ஒரு விக்கட் எடுத்துவிட்டுக் கைகளை விரித்துக்கொண்டு வெளி முழுக்க ஓடினான். சப்பூர் சத்ரான் ஓட்டம் அது. அந்த வருட உலகக்கிண்ணத்தில் ஆப்கானிஸ்தான் ஸ்கொட்லாந்தை ஒரு விக்கட்டால் வென்றபோது கடைசி நாலு ஓட்டத்தை அடித்துவிட்டு அவர் ஓடியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எங்களுக்குப் பொது மொழி இல்லை. நான் பந்தை வாங்கி ஒரு பந்து வீசிக் காட்டினேன். ஐம்பத்துமூன்று வயது, தோள்மூட்டுப் பிடித்துக்கொண்டது. அவர்கள் சிரித்தார்கள். அடுத்த சனிக்கிழமை குருநகர் அண்ணையும் நானும் காரின் மேல் பாயைக் கட்டிக்கொண்டு அங்கே போனோம்.

இன்றைக்கு எங்கள் கழகத்தில் இரண்டு அணி. பெயர்ப் பட்டியலை வாசித்தால் ஆப்கான், பாகிஸ்தான், இந்தியா, வங்காளதேசம், நாங்கள் நாலு பேர். நாடு முழுக்கவும் இதே கதைதான், 2015க்குப் பின் ஜேர்மனியில் அணிகளின் எண்ணிக்கை பல மடங்காகியது. 2019இல் ஜேர்மன் ஆண்கள் அணியை வழிநடத்தியவர் பெயர் வெங்கட்ராமன் கணேசன். 2020 ஆவணியில் ஒஸ்ரியாவோடு நடந்த ஆட்டத்தில் பெண்கள் அணித்தலைவி அனுராதா தொட்டபல்லாபூர் நாலு பந்தில் நாலு விக்கட் எடுத்தார். பெண்களின் இருபது ஓவர் சர்வதேசப் போட்டிகளில் அதற்கு முன் ஒருவரும் செய்யாதது. விஞ்ஞானியாக வேலை பார்த்துக்கொண்டே விளையாடியவர் அவர். அந்தச் செய்தியை என் மகள்தான் வாசித்துக் காட்டி, "உங்கட கழகத்தில் ஏன் பெண்கள் இல்லை?" என்று கேட்டாள். பதில் இல்லை. இப்போது ஆறு பேர் பயிற்சிக்கு வருகிறார்கள், அவளும் ஒருத்தி.

வந்த பெடியளில் ஒருவனுக்கு 2016இல் வெளியூர்ப் போட்டிக்குப் போக அனுமதி வேண்டியிருந்தது. கடிதத்தை நானே எழுதினேன், மூன்று தரம் எழுதினேன், நேரே போய் வரிசையில் நின்றேன். அனுமதிக் கடிதம் கையில் வந்த பிறகுதான் றெயில் சீட்டு எடுத்தேன். அவன் அன்றைக்கு ஒரு விக்கட்டும் எடுக்கவில்லை. பூச்சியத்தில் ஆட்டமிழந்தான். கனடாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சாவகச்சேரித் தம்பிக்கு இதைச் சொன்னேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பாய் இன்னும் அதுதானோ அண்ணை?" என்று கேட்டார்.

பாய் புதிது. பழையதைக் குருநகர் அண்ணை தன் தோட்டத்து ஒழுங்கையில் விரித்திருக்கிறார். வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பயிற்சி, எட்டரைக்கு வந்தால் ஆணி அடிக்க உதவியாக இருக்கும். இப்போதும் இருபத்திநாலுதான்.